சேவையின் எசமானர் யார்?

வறியோருக்குத் தொண்டு செய்வதற்கும் பல்கலைக்கழகங்கள் இன்று பட்டம் வழங்குகின்றன. சமூக முயற்சியாண்மை என்பது அப்படிப்பின் பெயர். 1993இல் ஹார்வர்ட் வணிகக் கல்லூரி சமூக முயற்சிகளுக்கெனத் தனி ஏற்பாடொன்றை ஆரம்பித்தது. 2003இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியில் இத்துறைக்கென ஒரு நிலையம் தோன்றிற்று. ஈபே என்னும் இணைய வணிக நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஜெவ் ஸ்கொல் அளித்த நன்கொடையே அதற்கு அடித்தளம். 2007இல் மும்பையிலுள்ள டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் இத்துறையில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. இவ்வாறு பட்டப்பின் படிப்பாக வளர்ந்துள்ள இத்துறை நம் நாட்டு மாணவரையும் ஈர்க்கின்றது. சமூக உணர்வுடைய இளைஞர் பலர், வெறும் வணிக முகாமைத்துவத்தைக் கற்பதினும் இதனைக் கற்பது மேலானது என எண்ணுகின்றனர்.

அவ்வெண்ணம் இகழத்தக்கதன்று. எனினும், இப்படிப்பை நாடுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்படிப்பினால் உருவாகும் மனிதர் தமது செயலுக்கு யாரிடம் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்? அவர் தவறிழைத்தால் அவரை நீக்கும் உரிமை யார் கையில் உள்ளது? சேவையின் அறத்தை அளப்பதற்கு இதனினும் நேரான அளவுகோல் இல்லையென்றே நாம் கருதுகிறோம்.

பிறர் துயரத்தைக் கொண்டு தாம் பிழைப்பதா என்று சிலர் இப்படிப்பைக் கண்டிப்பர். அக்கண்டனம் ஆழமற்றது. மருத்துவர் நோயாளியால் வாழ்கிறார்; ஆசிரியர் மாணவரால் வாழ்கிறார். உழைப்புக்குக் கூலி பெறுவதில் இழுக்கு ஏதுமில்லை. கூலி வாங்காத தொண்டே தூயது என்னும் கொள்கை, தொண்டினை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மட்டுமே விட்டுவைக்கும். எனவே கூலியை விட்டுவிட்டு, பொறுப்பு என்னும் பிரச்சினையை நோக்குவோம்.

முயற்சியாளர் என்னும் சொல்லுக்குப் பொருளியலில் நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சுப் பொருளியலாளர் சே, குறைந்த பயன் தரும் இடத்திலிருந்து கூடிய பயன் தரும் இடத்துக்கு வளங்களை மாற்றுபவனாக முயற்சியாளனைக் கண்டார். பழைய உற்பத்தி முறைகளைத் தகர்த்துப் புதியனவற்றைப் புகுத்துபவனாக ஷும்பீட்டர் அவனைக் கண்டார். அமெரிக்கப் பேராசிரியர் கிரெகரி டீஸ் 1998இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்துகளைச் சமூக சேவைக்குப் பொருத்தி, சமூக முயற்சியாளரின் இலக்கணத்தை வகுத்தார். சமூக நோக்கம், புதிய வாய்ப்பைக் காணும் திறன், இடையறாத புத்தாக்கம், கைவசமுள்ள வளத்தால் கட்டுண்டு நில்லாத துணிவு என அவர் அடுக்கியவற்றின் கடைசியில், சேவை பெறும் மக்களுக்குப் பொறுப்புக் கூறல் என்பதும் இடம்பெற்றது. இத்துறையின் மூலவருள் ஒருவரே இதனை வலியுறுத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும், புத்தாக்கத்துக்கும் துணிவுக்கும் பரிசுகளும் முதலீடுகளும் காத்திருக்கின்றன. பொறுப்புக் கூறலை வற்புறுத்துவதற்கு வறியோரிடம் பரிசுமில்லை, முதலீடுமில்லை. ஆகவே பட்டியலின் முற்பகுதி செழித்தது. கடைசி வரி வாடியது.

இத்துறையில் கற்பிக்கப்படும் அளவீட்டு முறையொன்றை எடுத்துக்கொள்வோம். 1990களில் அமெரிக்காவில் உருவான அம்முறை, ஒரு டொலர் முதலிட்டால் எத்தனை டொலர் பெறுமதியான சமூக நன்மை விளையும் என்று கணக்கிட முற்படுகின்றது. வேலை பெற்ற ஒருவரால் அரசுக்கு மிச்சமாகும் உதவிப் பணம், நோய் குறைந்ததால் மிச்சமாகும் மருத்துவச் செலவு ஆகியன இலக்கங்களாக மாற்றப்படுகின்றன. நிதியை வீணடிக்காதிருக்க அளவீடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வறிக்கை எவருக்காக எழுதப்படுகின்றது? பணம் கொடுத்தோருக்காக எழுதப்படுகின்றது. எவருடைய வாழ்க்கை அளக்கப்பட்டதோ அவர் அதனை வாசிப்பது அரிது. வாசித்தாலும் அதனை மறுத்துரைக்கும் அதிகாரம் அவருக்கில்லை.

இந்நிலை தானாகத் தோன்றியதன்று. பிரித்தானியாவின் மைக்கல் யங் என்பவரின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும். 1945இல் தொழிற்கட்சியை ஆட்சியில் அமர்த்திய தேர்தல் விஞ்ஞாபனத்தை வரைந்தவர் அவர். கல்வியும் மருத்துவமும் வேலையும் குடிமக்களின் உரிமை, அவற்றை நிறைவேற்றுவது அரசின் கடமை என்னும் நம்பிக்கையின் காலம் அது. 1997இல் அதே மனிதர் இலண்டனில் சமூக முயற்சியாளருக்கான பாடசாலை ஒன்றை நிறுவினார். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1980களின் தனியார்மயமும் பொதுச் செலவுக் குறைப்பும் நடந்தேறியிருந்தன. அரசு பின்வாங்கிய வெளியில் சமூக முயற்சியாளர் வந்து நின்றார். யங்கின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால், உரிமையாகக் கேட்கப்பட்டது முயற்சியின் விளைபொருளாக மாறும்போது, கேட்டு நிற்கும் குடிமகனும் பயனாளியாக மாறிவிடுகிறான். குடிமகனுக்கு வாக்கு உண்டு. பயனாளிக்கு நன்றியறிதல் மட்டுமே எஞ்சுகின்றது. திருக்குறளில் ஈகை அதிகாரத்துக்கு முன்னே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளதை ஆசிரியர்கள் அறிவர். கொடுப்பவன் மனநிறைவை விட, ஊரோடு ஒத்து வாழும் கடமை முற்பட்டது என்று அவ்வைப்புமுறைக்குப் பொருள் கொள்வதில் தவறில்லை.

வறியோர் தாமே தமது சேவைக்கு எசமானராயிருந்த வரலாறும் உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கடையைத் திறந்தனர். கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் சீனியும் நியாய விலையில் விற்பதே அவர் நோக்கம். பங்கு எத்தனையாயினும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அவர்கள் வகுத்த விதி. பின்னர் இலாபத்தில் ஒரு பகுதியை உறுப்பினர் கல்விக்கென ஒதுக்கினர். இலங்கைக்கும் இம்மரபு புதிதன்று. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பின்னர், சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் நம் கிராமங்களில் வேரூன்றின. கடன் கொடுத்தவனும் கடன் பட்டவனும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து கணக்கைப் பார்த்தனர்.

இதற்கு மாறான வழியில் சென்ற முயற்சியின் விளைவை நுண்கடனின் வரலாறு காட்டுகின்றது. 1976இல் சிட்டகொங்கை அடுத்த ஜோப்ரா கிராமத்தில், பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டொலர் பெறுமதியான கடனை வழங்கினார். அதன் வழி 1983இல் கிராமின் வங்கி உருவாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. காலப்போக்கில் அவ்வங்கியின் பங்குகளில் மிகப் பெரும்பாலானவை கடன் பெற்றோர் கைக்கு வந்தன. பணிப்பாளர் சபையின் பெரும்பான்மையினரை அவர்களே தெரிவு செய்யும் ஏற்பாடும் இருந்தது. உலகெங்கும் அதனைப் பின்பற்றியோருட் பலர் கடன் கொடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டனர். உடைமை ஏற்பாட்டை விட்டுவிட்டனர்.

ஆந்திராவில் நடந்தது இதற்குச் சான்று. 1997இல் அறநிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். நுண்நிதி அமைப்பு, 2005இல் இலாபம் ஈட்டும் கம்பனியாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஒரே குடும்பத்துக்குப் பல கம்பனிகள் போட்டியிட்டுக் கடன் கொடுத்தன. தவணை தவறிய பெண்களை அயலவர் முன் அவமானப்படுத்தி வசூலித்தமை பற்றியும் தற்கொலைகள் பற்றியும் செய்திகள் பெருகின. அதே ஆண்டு ஒக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து வசூலைக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலும் இக்கதை தொடர்ந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முடிவு செய்தது. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். தம் பெயரால் நடக்கும் வணிகத்தின் கூட்டத்தில் ஆசனம் இல்லாதவர்கள் வீதியில் அமர்வதைத் தவிர வேறென்ன செய்வர்?

அப்படியாயின் கற்றவர் இப்பணிக்கு வேண்டாதவரா? இல்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தை நோக்குவோம். பால் கொள்வனவில் பொல்சன் கம்பனி பெற்றிருந்த ஏகபோகத்தை எதிர்த்து 1946இல் உழவர்கள் பால் கொடுக்க மறுத்தனர். திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 1949இல் அங்கு வந்து சேர்ந்தார் வர்கீஸ் குரியன். அமெரிக்காவின் மிச்சிகனில் அரச புலமைப்பரிசிலில் முதுமானிப் பட்டம் பெற்ற பொறியியலாளர் அவர். அதற்குக் கைமாறாக அரசு அனுப்பிய இடத்தில் வேலை செய்யக் கடமைப்பட்டே ஆனந்துக்கு வந்தார். வந்தவர் சங்கத்தின் முகாமையாளராகி அங்கேயே நிலைத்தார். அமுல் என்னும் பெயர் இந்தியா முழுதும் பரவியதில் அவர் கல்விக்கும் ஆற்றலுக்கும் பெரும்பங்கு உண்டு. எனினும் அவர் தம்மை உழவர்களின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டார். அது வெறும் பணிவுரையன்று, சட்டப்படி உண்மை. சங்கம் உழவருடையது; அதன் சபையைத் தெரிவு செய்தவர் உழவர்; அச்சபை நியமித்த சம்பளக்காரர் குரியன்.

1979இல் குரியன் ஆனந்தில் கிராமிய முகாமைத்துவ நிறுவனத்தைத் தொடங்கியமைக்கும் இதுவே காரணம். உற்பத்தியாளர் சங்கங்களுக்கு வேலை செய்யத்தக்க, பயிற்சி பெற்ற முகாமையாளரை உருவாக்குவது அதன் குறிக்கோள். பிற்காலத்தில் அங்கு பயின்றோரைத் தனியார் கம்பனிகளும் வங்கிகளும் கூடிய சம்பளம் காட்டி அழைத்தன. நல்ல குறிக்கோளும் சந்தையின் இழுப்புக்கு உட்பட்டதே என்பதை இது உணர்த்துகின்றது. ஆயினும் அந்நிறுவனத்தின் மூலக்கருத்து செல்லுபடியாகின்றது. வறியோருக்காக முயற்சியாளராவது ஒன்று. வறியோரிடம் வேலைக்குச் சேர்வது வேறொன்று. முன்னதில் கற்றவர் தலைவர். பின்னதில் அவர் பணியாளர்.

இவ்விடத்து வாசகர் ஓர் எதிர்வாதத்தை எழுப்புதல் கூடும். கூட்டுறவை இவ்வளவு புகழ்கிறீர்களே, நம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேர்ந்தது யாது என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்சி மாறுந்தோறும் பல சங்கங்களின் நிருவாகம் கட்சி செல்வாக்கின் விளையாட்டுக் களமாயிற்று. வாக்கு இருந்தது, அதனைப் பயன்படுத்தும் வலிமை உறுப்பினருக்கு இருக்கவில்லை. ஐந்தொகையை வாசிக்கத் தெரியாதவனிடம் ஐந்தொகையை நீட்டுவது கணக்குக் கொடுத்ததாகாது. ஆகவே வாக்குரிமை போதாது. வாக்கைப் பயன்படுத்தும் அறிவும் வேண்டும். படித்த இளைஞரின் பணி தொடங்குமிடம் இதுவே.

இக்காரணத்தால் சமூக முயற்சியாண்மைப் படிப்பை முற்றாக ஒதுக்கிவிடும்படி நாம் கூறவில்லை. கணக்கியல், சந்தை ஆய்வு, நிறுவனச் சட்டம் என அதில் கற்பிக்கப்படும் கருவிகள் பல உழைப்பாளருக்குத் தேவையானவை; அவை முதலாளிகளின் தனிச்சொத்தல்ல. ஆனால் அப்படிப்பிற்குச் செல்லும் மாணவர் மூன்று கேள்விகளைத் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும். நாம் ஆராயும் நிறுவனத்தின் உடைமை யாருடையது? அதன் சேவையைப் பெறுவோர் அதன் தலைமையை மாற்ற முடியுமா? அதன் கணக்கு அவர்களுடைய மொழியில் அவர்கள் முன் வைக்கப்படுகின்றதா? இவற்றுக்கு விடையில்லாத பாடத்திட்டம் எத்துணைப் புகழ்வாய்ந்த பல்கலைக்கழகத்தினதாயினும் குறைபாடுடையதே.

நம் நாட்டு மாணவருக்கு இப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது. 1945இல் இலவசக் கல்வி ஏற்பட்ட நாள் முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை நம்மவரின் படிப்புச் செலவைச் சுமந்தோர் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் மீனவருமாகிய உழைக்கும் மக்களே. குரியன் ஓர் ஒப்பந்தத்தாற் கட்டுண்டு ஆனந்துக்குச் சென்றார். நம் மாணவர் எவரும் அத்தகைய ஒப்பந்தத்திற் கையொப்பமிடவில்லை. ஆயினும் அக்கடன் அவர்மீது உண்டு. அதனைத் தீர்க்க நினைப்பவர், மக்களுக்கு என்ன நன்மை செய்யலாம் என்று தனியே திட்டமிடுமுன், அருகிலுள்ள கடற்றொழிலாளர் சங்கத்துக்கோ கடனுதவிச் சங்கத்துக்கோ சென்று, அதன் பேரேட்டை உறுப்பினருடன் சேர்ந்து வாசிக்கட்டும். பொதுக்கூட்டத்திற் கேள்வி கேட்க அவர்களுக்குத் துணை நிற்கட்டும். தம் வேலையையும் அதே கூட்டத்தின் தீர்ப்புக்கு விடட்டும். அவ்வாறு செய்பவர் பட்டம் பெற்றவராயினும் பெறாதவராயினும், அவர் எவருக்காக உழைக்கிறாரோ அவர்களே அவருக்கு எசமானர்.