மடியில் கனம்

போன நவராத்திரிக்கு அவள் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவளை வழக்கம்போல் கட்டிக்கொண்டேன். என் வயிற்றில் ஏதோ கெட்டியாக இடித்தது. சட்டென்று அவள் இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். ஏதாவது அறுவை சிகிச்சை செய்துகொண்டு சொல்லாமல் இருக்கிறாளோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. சமையலறைக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். குர்தியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். கறுப்பாக, ஒரு கைத்துப்பாக்கியின் பிடி.

"பயப்படாதீங்கக்கா. நாலு மாசமா வெச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியலைல்ல? அப்போ சரியாத்தான் மறைச்சிருக்கேன்."

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் வாங்காமலேயே கைத்துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். அவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். செவிலியர், இரவுப் பணி. ஆறு வயதில் ஒரு மகள். இரண்டு வருடங்களுக்கு முன், அடித்துக்கொண்டிருந்த கணவனை விட்டு வெளியேறினாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறாள். அவன் அதே ஊரில்தான் இருக்கிறான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மற்ற அறையில் என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில், சுண்டல் கிண்ணங்களுக்கும் பட்டுப்பாவாடைகளுக்கும் நடுவே, குண்டு போட்ட துப்பாக்கி ஒன்று மூன்று மணி நேரம் நடமாடியிருக்கிறது. அதை அவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டுமா? இல்லை, ஒரு பெண் தன் உயிருக்காகத் தன் உடம்பில் எதை வைத்திருக்கிறாள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? இந்த இரண்டு கேள்விகளும் மாறி மாறி என்னைக் குடைந்தன.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் ஆச்சி சுருக்குப் பையை இடுப்பில் செருகியிருப்பாள். சந்தைக்குப் போய்த் திரும்பும்வரை கை அடிக்கடி அங்கே போய் வரும். கனம் முதலில், பயம் பிறகு. என் தோழிக்குப் பயம்தான் முதலில் வந்தது. கனத்தைப் பிறகுதான் தேடி வாங்கினாள். ஆனால் வைத்த இடம் ஏறக்குறைய ஆச்சி செருகிய அதே இடம். தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்கு உட்புறமாக. குடல்வால் இருக்கும் பக்கம் என்பதால் இதற்கு 'அப்பெண்டிக்ஸ் கேரி' என்று பெயர்.

ஏன் அந்த இடம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் கேட்டேன். தோட்டாக்களை எடுத்துத் தனியே பூட்டிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைப்பையில் வைத்தால் பையோடு பறிபோகும். குழந்தையின் கைக்கும் எட்டும். இடாஹோ மாநிலத்தில் 2014 டிசம்பர் கடைசியில், கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் கைப்பைக்குள் அவருடைய இரண்டு வயது மகன் கையை விட்டான். துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். இடுப்பின் பக்கவாட்டில் வைக்கலாம் என்றால், பெண்ணின் இடுப்பு வளைவு துப்பாக்கியின் பிடியை விலா எலும்பில் கொண்டுபோய் இடிக்கிறது. முதுகுப் பக்கம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவன் உருவிக்கொள்ளலாம். முன்பக்கம் என்றால் இரண்டு கைகளும் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும்.

அவளிடம் இருப்பது கிளாக் 19. கையடக்க ரகத்தில் பேர்போனது. 15 தோட்டாக்களோடு சேர்த்து 800 கிராமுக்கு மேல் எடை. இதை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் நடப்பதும் உட்கார்வதும் ஒரு தனிப் பாடம். காட்டிக்கொடுப்பது குழாய் அல்ல, பிடிதான். துணிக்கு வெளியே அதன் வடிவம் தெரிந்துவிட்டால் அதை 'பிரிண்டிங்' என்கிறார்கள். அதற்காக உறையின் பக்கவாட்டில் ஒரு சிறு கொக்கி வைத்திருக்கிறார்கள். அது பெல்ட்டில் முட்டி, பிடியை வயிற்றோடு திருப்பி அழுத்துகிறது. உறையின் அடியில் ஒரு பஞ்சுத் திண்டு. அது கீழ்முனையை வெளியே தள்ளி மேல்முனையை உள்ளே சாய்க்கிறது. உறை மேலே ஏறினால் குனியும்போது வயிற்றில் குத்தும். கீழே இறங்கினால் உட்காரும்போது தொடையில் அழுந்தும். குழாயின் வாய் தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்தபடி இருக்கும் என்பதால், விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறை கட்டாயம். துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரமே கூடாது. துணியின் நுனி உள்ளே சிக்கவில்லை என்று குனிந்து பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும்.

பெரும்பாலான உறைகள் ஆண் உடம்பை நினைத்துச் செய்தவை. தடித்த பெல்ட், வளைவில்லாத இடுப்பு, தட்டையான வயிறு. அவளுக்கோ சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்தில்தான் அந்தத் திண்டு உராய்கிறது. மாதவிலக்கு நாட்களில் வயிறு உப்பும். பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போடுகிறாள். மெல்லிய பருத்திக் குர்திகளை ஒதுக்கிவிட்டாள். பூப்போட்ட, கனமான, தளர்ந்த மேலாடைதான் இனி. பூ வேலைப்பாட்டில் வடிவம் கலைந்துபோகும்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. கையைத் தூக்காதே, மேலாடை ஏறிவிடும். குனிந்து எடுக்காதே, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடு. காலை அகட்டி உட்காராதே. ஓடாதே. யாரையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளாதே. வெளியே போகுமுன் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார். துணியை இழுத்து இழுத்து விடாதே, அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பன்னிரண்டு வயதில் எனக்கு இந்தப் பாடத்தை எடுத்தவள் என் அம்மா. அன்று மறைக்க வேண்டியிருந்தது என் மார்பு, என் ரத்தக்கறை. அதே அடக்கம், அதே ஒடுக்கம் இப்போது ஒரு கொலைக்கருவிக்காக. ஆயுதம் எடுத்தால் பெண் நிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் முன்பைவிடப் பார்த்துப் பார்த்து நடக்கிறாள்.

நடையில் மட்டுமல்ல. "இது இடுப்புல இருக்கறப்ப நான் யார்கிட்டயும் சண்டைக்குப் போறதில்லைக்கா" என்றாள். குறுக்கே காரை விட்டவனிடம் இவள்தான் கை தூக்கி மன்னிப்புக் கேட்கிறாள். வாய்ச்சண்டை கைகலப்பாகி, கைகலப்பில் துப்பாக்கி வெளியே வந்துவிடக் கூடாது. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். நல்ல பாடம்தான், மறுக்க முடியாது. ஆனாலும், வாயை மூடிக்கொண்டு போகக் கற்றுக்கொடுக்க நமக்கு ஒரு துப்பாக்கி தேவைப்பட்டதா என்ன?

அந்த வட்டத்தில் ஒரு பேச்சு புழங்குகிறது: துப்பாக்கி உடம்புக்குச் சுகமாக இருக்க வேண்டியதில்லை, மனதுக்கு ஆறுதலாக இருந்தால் போதும். கேட்டதும் இருவரும் சிரித்துவிட்டோம். அவள் கல்யாணத்தின்போது பெரியவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானாம்.

அந்த ஆறுதல் எந்த அளவுக்கு உண்மை? அமெரிக்காவின் 11 நகரங்களில் நடத்தி 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டும்போது அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு வரை கூடுவதாகக் கண்டது. பெண் தனக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கி அவளைக் காக்கிறது என்பதற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஐ.நா. கணக்குப்படி 2023-இல் உலகில் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்ட பெண்களில் இது நூற்றுக்கு அறுபது. பாதுகாப்பு உத்தரவு உள்ளவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இல் உறுதிசெய்தது. அந்த வழக்கே டெக்சாஸிலிருந்து போனதுதான். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"பேப்பர்ல எழுதியிருக்குக்கா. அவன் கதவைத் தட்டினா பேப்பரையா காட்டச் சொல்றீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆய்வின் சராசரிக்குள் ஒரு பெண்ணின் ஒரு இரவு அடங்காது. மெம்பிஸில் 1892-இல் தன் நண்பர் கும்பல் கொலைக்குப் பலியான பிறகு ஐடா பி. வெல்ஸ் ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டார். சட்டம் காக்காத கறுப்பின மக்களின் வீட்டில் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று எழுதவும் செய்தார். அவரைப் பார்த்து அகிம்சை பேச எனக்கு நாக்கு வராது. அதே சமயம், ஃப்ளோரிடாவில் 2010-இல், அடிக்கும் கணவனுக்கு எதிராக எச்சரிக்கையாக ஒரே ஒரு குண்டு சுட்டதாகச் சொன்ன கறுப்பினப் பெண்ணுக்கு, யாருக்கும் காயமில்லாதபோதும், 2012-இல் 20 வருடத் தண்டனை விதித்தார்கள். அது பிறகு ரத்தாகி, 2015-இல் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். தற்காப்பு என்ற சொல் எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. அந்த உறையைப் போலவே.

ஆகவே அவள் துப்பாக்கி வைத்திருப்பது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. நான் வைத்திருக்கவில்லை என்பதும் ஒழுக்கமல்ல. என்னை அடிக்க வீட்டில் ஆளில்லை. இரவில் அழைத்துவர ஆளுண்டு. அவ்வளவுதான்.

ஆனால் மறைப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல உண்டு. கடையிலும் தெருவிலும் மறைத்து வைப்பது ஒரு வகையில் மரியாதை. துப்பாக்கி வெளியே தெரிய நடமாடும் ஆண்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியே ஒரு மிரட்டல். அவள் யாரையும் மிரட்டவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் வீடு அப்படியல்ல. இங்கே வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. தெரியாத ஒன்றை எப்படி வேண்டாம் என்பது? சம்மதம் என்ற சொல்லைப் பெண்கள் எவ்வளவு பாடுபட்டு மீட்டோம்! தெரிவிக்காமல் வாங்குவது சம்மதமே அல்ல என்று நாம்தானே சொன்னோம். கட்டிக்கொள்ளும் தூரத்தில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாதா?

இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. "சொன்னா நீங்க பயப்படுவீங்க. உங்க நிம்மதிக்காகத்தான்கா மறைச்சேன்."

இந்த வாக்கியத்தை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். அவன் அடித்ததை மூன்று வருடம் என்னிடம் மறைத்ததற்கும் இதையேதான் காரணமாகச் சொன்னாள். டெக்சாஸின் ஜூலை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள், மருத்துவமனைக் குளிருக்குப் பழகிவிட்டது என்றாள், நான் நம்பினேன். துணிக்கு அடியில் இருப்பது தெரியாமல் நடமாடும் வித்தையை அவள் துப்பாக்கியிடம் கற்கவில்லை. காயத்திடம் கற்றாள். அப்போதும் கட்டிக்கொண்டேன். அப்போதும் உடம்பைத் திருப்பிக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

மற்றவர்களின் நிம்மதிக்காகப் பெண்கள் மறைப்பவற்றின் வரிசையில் துப்பாக்கியும் சேர்ந்துவிட்டது. வலியை மறைத்தபோது அந்த நிம்மதிக்கு அவள் விலை கொடுத்தாள். துப்பாக்கியை மறைக்கும்போது, ஏதாவது தவறினால், என் பிள்ளையோ அவள் பிள்ளையோ விலை கொடுக்கும். அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் "சொல்" என்று அவளிடம் கேட்கிற நான், சொன்னால் பதறாமல் கேட்டுக்கொள்கிறவளாகவும் இருக்க வேண்டும். நான் பதறுவேன் என்று தெரிந்துதான் அவள் இரண்டு முறையும் மறைத்தாள்.

இப்போது வருவதற்கு முன் போன் செய்கிறாள். "வீட்ல பூட்டிட்டு வரேன்" என்பாள் பெரும்பாலும். ஒருமுறை, அவன் காரை மருத்துவமனை வாசலில் பார்த்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குக் குரல் நடுங்கக் கூப்பிட்டாள். "அப்படியே வா" என்றேன். போலீசுக்குச் சொல்லிவிட்டு, எங்கள் படுக்கையறை அலமாரியில் இருந்த நகைப்பெட்டியைக் காலி செய்து, சாவியை எடுத்து வைத்தேன். வந்ததும் அவளே தோட்டாக்களைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டாள். பிறகு கட்டிக்கொண்டாள். இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை.