நாள் தெரியாதவன்

காட்டேரிக்குப்பத்தில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கொலைச் செய்தி, படிக்கவே கூசியது. "இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டியதுதான்" என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, "போடட்டும். என்னைக்குன்னு அவனுக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. தூக்குத் தண்டனை சரியா, தப்பா என்று காலேஜ் நாளிலிருந்து வாதாடி வருகிறேன். தீர்ப்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் கிடக்கும் வருஷங்களை நினைத்ததே இல்லை.

அந்த வருஷங்களுக்கென்று ஓர் அறை உண்டு. ஜெயில் பேச்சில் அதற்குக் 'கண்டம்' என்று பெயர். ஏதோ இங்கிலீஷ் வார்த்தையின் திரிபுதான். ஆனால் ஜோசியர் சொல்லும் கண்டமாவது வயசு கழிந்தால் விலகிவிடும். 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம், மரண தண்டனை பெற்றவனைச் சோதனை போட்டு, ஆபத்தான பொருள்களை எடுத்துக்கொண்டு, தனி அறையில் அடைத்து, இரவும் பகலும் காவல் வைக்கச் சொல்கிறது. தானாகச் செத்துவிடப் போகிறானே என்ற கவலை போலும்!

மனுக்கள் எல்லாம் முடிகிறவரை தனிமையில் அடைக்கக் கூடாது என்று 1978-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனாலும், தமிழ்நாட்டு வத்தீஸ்வரன் வழக்கு 1983-இல் அங்கே வந்தபோது, அந்த மனிதர் எட்டு வருஷம் தனியறையில் கழித்திருந்தார். இரண்டு வருஷத் தாமதமே போதும் என்று ஜஸ்டிஸ் சின்னப்ப ரெட்டி தண்டனையைக் குறைத்தார். அடுத்த மாதமே அதே கோர்ட்டின் வேறு நீதிபதிகள், அப்படிக் கணக்கு வைக்க முடியாது என்றார்கள்.

வேலூர் ஜெயிலில் ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் மூவரின் கருணை மனு ஜனாதிபதியிடம் பதினொரு வருஷம் கிடந்தது. பிறகு 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். பத்து நாள் இருக்கையில் சென்னை ஹைகோர்ட் தடுத்தது. 2014-இல் ஆயுள் தண்டனையாயிற்று, 2022-இல் விடுதலை.

கொலையுண்டவர்களின் வீட்டாரும் காத்திருக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், அதற்குச் சமாதானம் என்னிடம் இல்லை. ஆனால் 'இத்தனை வருஷம் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டு கிட' என்று எந்த ஜட்ஜும் தீர்ப்பில் எழுதவில்லையே. அதை விதித்தது யார்?

இப்போது, கருணை மனு தள்ளுபடியான செய்தி கைதிக்குக் கிடைத்த பிறகு, குறைந்தது 14 நாள் விட வேண்டும். 2014-இல் வந்த விதி. அத்தையிடம் அதைச் சொன்னேன்.

"உங்க மாமாவுக்கு டாக்டர் கையை விரிச்சப்புறம் பதினோரு நாள் இருந்தாரு" என்றாள். "நாங்க அவர்கிட்ட கடைசிவரைக்கும் சொல்லலை."

மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.