யார் செய்த பாவம்?

நோயுற்றவரின் படுக்கையருகே நம்மவர் எழுப்பும் கேள்விகளுள் மிகப் பழமையானது, "யார் செய்த பாவமோ?" என்பது. பெரும்பாலும் அது இரக்கத்தோடுதான் கேட்கப்படுகிறது. ஆயினும் அந்த இரக்கத்தினுள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நோய் தண்டனை என்றால் குற்றம் ஒன்று இருந்திருக்க வேண்டும். குற்றம் இருந்தால் குற்றவாளியும் இருக்க வேண்டும். நோயாளி பச்சிளங்குழந்தையாக இருந்துவிட்டால், குற்றவாளியைத் தேடும் விரல் தாயை நோக்கி நீளும். தந்தையை நோக்கி அத்தனை விரைவாக நீளுவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

பாவத்தைச் சொல்ல மனம் வராதவர்கள் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் பங்குகொண்டுவிட்டு, திங்களன்று குழந்தையின் பிறந்த நேரத்தைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு சோதிடரைத் தேடிச் செல்வோர் நம்மிடையேயும் உண்டு. இது நம் நாட்டாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இன்ஃபுளூயன்சா என்ற நோய்ப்பெயரே விண்மீன்களின் பாதிப்பு என்ற பொருளில் இத்தாலியர் வழங்கிய சொல்தான். மனிதரிடம் அந்நோயை உண்டாக்கும் வைரசு 1933இல் கண்டறியப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

திருவோணத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு அருகிலுள்ள பிரகாசமான விண்மீன்களுள் அது ஒன்று. தொலைவு ஏறத்தாழ 17 ஒளியாண்டுகள். ஒரு குழந்தை பிறந்த இரவில் அதன் வீட்டு முற்றத்தில் விழுந்த திருவோணத்தின் ஒளி, 17 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டது. அன்று அக்குழந்தையின் தாயே பள்ளிச் சிறுமியாக இருந்திருப்பாள். கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக நெருங்கிய விண்மீனாகிய பிராக்சிமா சென்டாரி, ஏறத்தாழ 40 இலட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அத்தனை தொலைவில் தன்போக்கில் எரிந்துகொண்டிருக்கும் நெருப்புருண்டைகளை நம் வீட்டு வழக்குக்குச் சாட்சியாக இழுப்பது நியாயமாகுமா?

விடையை நாம் தேடவேண்டிய இடம் மிக அருகில் இருக்கிறது. வளர்ந்த மனித உடலில் சுமார் 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. இவை அனைத்தும் தாயின் கருவறையில் இருந்த ஒரேயோர் உயிரணு பிரிந்து பிரிந்து உண்டானவை. ஒவ்வொரு பிரிவின்போதும் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள் கொண்ட மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. எழுதும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடும் உயிரணுவுக்குள்ளேயே உண்டு. ஆனாலும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றால் தீங்கில்லை. மிகச் சில, உயிரணுவின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக நிற்கும் மரபணுக்களில் நேர்ந்துவிடுகின்றன.

இதை முதலில் தெளிவாக விளக்கியது குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு நோய். ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தோன்றுகிறது. அமெரிக்க மருத்துவரான ஆல்ஃபிரட் நட்சன், 48 குழந்தைகளின் நோய்க் குறிப்புகளை ஆராய்ந்து 1971இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார். இந்த நோயைத் தடுக்கும் மரபணு நமக்குத் தந்தை வழியாக ஒன்றும் தாய் வழியாக ஒன்றுமாக இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது காக்கும். ஒரே உயிரணுவில் இரண்டும் பழுதானால்தான் நோய் தொடங்கும். சில குழந்தைகள் ஒரு பிரதி பழுதான நிலையிலேயே பிறக்கின்றன. அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு பிழை போதும். ஆகவே நோய் விரைவில் வருகிறது, பலமுறை இரு கண்களிலும் வருகிறது. மற்றக் குழந்தைகளுக்கு இரு பிழைகளும் பிறந்த பின்னரோ கருவில் வளரும்போதோ தற்செயலாக நேர்கின்றன. நட்சன் கணக்கிட்டுச் சொன்ன அந்த மரபணு 1986இல் கண்டெடுக்கப்பட்டது.

பழுதோடு பிறக்கும் குழந்தைகளுள்ளும் பெரும்பாலோரின் பெற்றோருக்கு அந்நோய் இருந்ததில்லை. கருவுறுதலுக்கு முன் விந்தணுவிலோ முட்டையிலோ புதிதாக நேர்ந்த பிழை அது. தந்தை வழியில் நேர்வதே மிகுதி. அதை யாரும் விரும்பிச் செய்யவில்லை. செய்யாமல் தவிர்த்திருக்கவும் யாராலும் இயலாது.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா, இவருடைய பெற்றோரா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிட்டு, சேறு குழைத்து அவர் கண்களில் பூசுகிறார். விளக்கத்தைவிடச் செயலுக்கே அங்கே இடம் அதிகம். ஆனால் அதே அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. பார்வை பெற்ற பிறகும் அம்மனிதரைப் பாவத்தில் பிறந்தவர் என்று ஏசி வெளியே தள்ளுகிறார்கள். நோய் நீங்கினாலும் பழி நீங்குவதில்லை.

"அப்படியானால் நம் நடத்தைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1950 முதல் ஆய்வுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. அதை மூடிமறைப்பது பொய்யாகும். ஆயினும் காரணம் அறிவது வேறு, தண்டனை விதிப்பது வேறு. ஆயுள் முழுவதும் புகைத்தும் அந்நோய் வராதவர் உண்டு. ஒருமுறையும் புகைக்காமல் அந்நோயால் இறந்தவரும் உண்டு. இக்காலத்தில் "பாவம்" என்ற சொல்லை விட்டுவிட்டு, "உணவில் கவனம் இல்லை", "உடற்பயிற்சி இல்லை" என்று நோயாளியின் காதுபடப் பேசுகிறோம். சொல் புதிது, விரல் பழையதுதான்.

தற்செயல் என்ற விடை சிலருக்குக் கொடூரமாகத் தோன்றுகிறது. பொருளற்ற உலகில் வாழ்வதைவிடக் குற்றவாளியாக வாழ்வதே மேல் என்று எண்ணும் பெற்றோரும் உண்டு. குற்றம் இருந்தால் பரிகாரமும் இருக்குமல்லவா? ஆனால் பரிகாரம் தேடி அலையும் நாள்களில் உயிரணு காத்திருப்பதில்லை. விழித்திரைப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டறிந்தால் பெரும்பாலான குழந்தைகளைப் பிழைக்க வைக்கலாம்; பலருக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர்.

அடையாளம் எளிது. குழந்தையின் கருவிழி நடுவில் பூனைக்கண் போன்ற வெண்மையான ஒளி தென்படும். அல்லது புதிதாக மாறுகண் தோன்றும். பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அதன் உடன்பிறந்தோரின் கண்களையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கைக்குழந்தையாக இருந்தாலும்.