ஏறுகிற வண்டிக்கு வழி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒரு முறைப்புக்கே வண்டியை நிறுத்திச் சண்டைக்கு இறங்குகிறவர்கள்கூட இங்கே பெரும்பாலும் சாதுவாகிவிடுகிறார்கள். மலைக்காற்றுதான் காரணம் என்று சொல்ல ஆசை. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மலைச்சாலையில் இடம் போதாவிட்டால் இறங்குகிற வண்டி ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சாலை விதியிலேயே இருக்கிறது இது. ஏற்றத்தில் வேகம் அறுந்து நின்ற பேருந்தை மறுபடி நகர்த்துவது லேசான காரியம் இல்லை. ஹேண்ட்பிரேக், பாதி கிளட்ச், பின்னால் உருண்டுவிடுமோ என்ற பதற்றம், போதாததற்கு முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கார். இறங்குகிறவருக்கு வேறு கவலை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது அதனால்தான். எதிரே வருகிறவரின் கால் இந்த நொடி எந்த மிதியில் தவிக்கிறது என்று தெரிந்தவர், யாரும் சொல்லாமலே ஒதுங்குகிறார். அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொள்வதாகவும் தெரியவில்லை.

வளைவில் வேகம் அடங்கிவிடுவதால் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரிகிறது. வழி கிடைத்தவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாகத் தூக்குவார். நான்குவழிச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவர் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறார். அங்கே ஏது முகம்? ஒரு நிறம், ஒரு நம்பர் பிளேட், அவ்வளவுதான். தகரத்தைத் திட்டுவதற்கு யாருக்கும் கூச்சம் வராது.

ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் சாலையோரம் வந்து மேயும். படம் எடுக்கிறேன் என்று வளைவிலேயே காரை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால், மலை எல்லோரையும் திருத்திவிடாது என்பதும் விளங்கும்.

ஹாரனும் இங்கே வேறு. மறைவான திருப்பத்துக்கு முன் ஒருமுறை அடிப்பது, நான் வருகிறேன் என்று சொல்ல. கீழே நகரத்தில் அதே ஹாரன், நீ ஏன் இருக்கிறாய் என்று கேட்கிறது. அவசரத்துக்குக் கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும்: 10 கிலோமீட்டரை 50-இல் போனால் 12 நிமிடம், 60-இல் போனால் 10 நிமிடம். நகரத்தில் மிச்சமாகும் அந்த இரண்டு நிமிடத்தையும் அடுத்த சிவப்பு விளக்கு தின்றுவிடும்.

பச்சை விழுந்ததும் முன்னால் நிற்கும் சரக்கு லாரி உடனே கிளம்பாது. மேலே டன் கணக்கில் சுமை. தார் சமமாக இருந்தாலும் அதற்கு அது ஏற்றம்தான். முதல் கியரில் உறுமி, கொஞ்சம் நகர்ந்து, அடுத்த கியர் விழுவதற்குள் பின்னால் நாலு பேர் ஹாரனை அழுத்திவிடுகிறார்கள். அதற்காக அந்த கியர் சீக்கிரம் விழப்போவதில்லை.