சின்னக் கையில் பெரிய கொடி

2024 மார்ச் 18. கோவை மேட்டுப்பாளையம் சாலையில் பிரதமர் மோடியின் ரோடு ஷோ. தேர்தல் தேதி அறிவித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. சாலையோரக் கூட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் மாணவர்கள் சுமார் 50 பேர் சீருடையில் நின்றிருந்தார்கள். பள்ளி நிர்வாகத்தின் மேல் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது. குழந்தையைத் தாக்குவது, கைவிடுவது, தேவையில்லாத உடல், மன வேதனைக்கு ஆளாக்குவது ஆகியவற்றைத் தண்டிக்கும் பிரிவு அது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, இந்தப் பிரிவு இதற்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது.

நியாயமான கேள்விதான். எங்க தொண்டாமுத்தூர் பக்கம் கேட்டாலும், "பசங்க சந்தோசமாத்தானுங்க நின்னாங்க, இதுல என்னங்க கொடுமை?" என்பார்கள். எந்தக் கட்சி ஜீப் வந்தாலும் பின்னாடியே ஓடுவது சின்னப் பசங்கதான். துண்டு நோட்டீஸும் தொப்பியும் அவர்களுக்குத் திருவிழா. வேதனையைத் தேடி வரும் சட்டம் இங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வேதனை இல்லையென்றால் தவறும் இல்லையா?

இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெருவில் கொடி பிடித்து நிற்பவர் "நான் இந்தப் பக்கம்" என்று ஊருக்குச் சொல்கிறார். அந்த வாக்கியத்தை ஒரு குழந்தையின் முகத்தை வைத்து நாம் எழுதிவிடுகிறோம். என் தொழிலில் இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. சில ஆப்களில் 'சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். பயன்படுத்துபவருக்கு வலிக்காது. ஆனாலும் அது அவருடைய சம்மதம் இல்லை. வரிசையில் நிற்க வைக்கப்பட்ட சீருடைப் பிள்ளையின் நிலையும் இதுதான். "வரமாட்டேன் டீச்சர்" என்று சொல்ல அதற்கு வழி ஏது?

இந்தோனேசியாவின் 2002-ஆம் ஆண்டு குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது: அரசியல் நடவடிக்கைகளில் தவறாகப் பயன்படுத்தப்படாமல் காக்கப்படுவது குழந்தையின் உரிமை. நம் தேர்தல் ஆணையமும் 2024 பிப்ரவரி 5 அன்று, பிரச்சாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது. கோஷம், பாட்டு, சின்னத்தைக் காட்டுவது எல்லாமே அதில் அடங்கும். பெற்றோரோடு வந்த குழந்தை, பிரச்சாரத்தில் ஈடுபடாமல் தலைவர் பக்கத்தில் சும்மா நின்றால் அது மீறல் ஆகாது.

அப்படியானால் சிறுவர்களுக்கு அரசியலே கூடாதா? 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பள்ளி மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. வாயை அடைப்பது பாதுகாப்பு ஆகாது. தானாகப் பேசும் குழந்தைக்கும், நாம் பேச வைக்கும் குழந்தைக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் கேள்வி.

வயதை வைத்து மட்டும் அந்தக் கோட்டைப் போட முடியாது. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: அந்தப் பிள்ளை எதிர்க்கட்சிக் கொடியைக் கேட்டால் வாங்கித் தருவோமா? "எனக்கு எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போலாம்" என்றால் கூட்டிப் போவோமா? ஆம் என்றால் அதன் கையில் இருப்பது அதனுடைய கொடி. இல்லையென்றால், நம் கொடிக்கு நாம் தேடிப் பிடித்த சின்னக் கம்பம்தான் அது. பள்ளி நிர்வாகத்தைக் கேட்பதற்கு ஆணையமும் கோர்ட்டும் இருக்கின்றன. தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகிற அப்பாவை, அவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.