உதிர்ந்த பிட்டும் பாளைக் கத்தியும்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆடி ஆவணியில் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ யாராவது வந்து கதவைத் திறப்பார்கள். முற்றத்துத் தென்னையில் தேங்காய் முற்றித் தானாக விழுந்துகொண்டிருக்கும். மரம் ஏறுகிற ஒருவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "தம்பி, மரத்துக்கு எவ்வளவு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "நீங்கள் பாத்துத் தாங்கோ ஐயா" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

கேட்பதற்கு அது பணிவு. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மரம் ஏறுவது தொழில் என்ற பெயர் பெறுமுன் நெடுங்காலம் குடிமையாகவே, பிறப்போடு வந்த கட்டாய ஊழியமாகவே இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. மரமேறி வாழ்ந்த மக்களின் சாதிப்பெயரும் அதில் இருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1957இல் சாதித் தடைகளுக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட விடுங்கள் என்று கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக விலை சொல்ல விடப்படாதவர்களின் வாயில் தங்கிவிட்ட சொல்தான் "பாத்துத் தாங்கோ".

அப்படியென்றால், எதைப் பார்த்துக் கொடுப்பது? மரத்தையா, இறங்கி வரும் போத்தலையா, ஏறிய மனிதரையா?

தேங்காய் பிடுங்குவதற்கும் ஓலை வெட்டுவதற்கும் மரக்கணக்கு. பனையில் பாளை சீவிச் சாறு இறக்கும் சீவல் தொழிலுக்குப் போத்தல் கணக்கு. இந்தப் போத்தல் கணக்கைத்தான் கிட்ட நின்று பார்க்க வேண்டும். விடியுமுன் பனங்கூடலுக்குள் ஒருவர் நுழைகிறார். இடுப்பில் கத்திக்கூடு, காலில் தளைநார். மரத்தை நெஞ்சோடு அணைத்து உன்னி உன்னி ஏறுகிறார். வருடக்கணக்காக ஏறியவரின் நெஞ்சிலும் முழங்கையின் உட்புறத்திலும் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். வட்டுக்குள் போய், கருக்கு மட்டை கிழிக்காமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, பாளையின் நுனியை ஓலைத் தடிப்பில் சீவுகிறார். முட்டியில் ஊறியதை எடுத்துக்கொண்டு இறங்கி அடுத்த மரத்துக்குப் போகிறார். மாலையில் மறுபடியும் அதே மரங்கள்.

மரம் 12 மீற்றர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இருபது மரம், இரண்டு வேளை என்றால் நாளொன்றுக்கு 480 மீற்றர் ஏற்றம். நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். சீவல் தொழிலாளி ஆறாம் நாளே அதைத் தாண்டிவிடுகிறார்.

ஒருநாள் காய்ச்சல் என்று படுக்கவும் முடியாது. சீவாமல் விட்ட பாளை காய்ந்து ஊறுவதை நிறுத்திவிடும். பருவத் தொடக்கத்தில் வட்டைத் துப்புரவாக்கி, பாளையைக் கட்டி, இடுக்கியால் நசித்துப் பதப்படுத்தும் நாட்களில் ஒரு சொட்டும் இறங்காது. அந்த நாட்களுக்குப் போத்தல் கணக்கில் கூலி பூச்சியம். ஏற்றம் மட்டும் அதே ஏற்றம்.

திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதை சைவர் எல்லோருக்கும் தெரிந்தது. வைகை பெருகியபோது வீட்டுக்கு ஒருவர் கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. சிவபெருமான் கூடையும் மண்வெட்டியுமாகக் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டெல்லாம் அவருக்குக் கூலி என்று பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோகிறது.

இந்தக் கதையை அருளின் கதையாகவே பிரசங்கிகள் சொல்வார்கள். அதற்குள் ஒரு கூலி ஒப்பந்தமும் இருக்கிறது. உதிர்ந்தால் உனக்கு, உதிராவிட்டால் இல்லை. போத்தல் கணக்கின் விதியும் இதேதான். வந்த கூலியாள் இறைவன், எல்லாப் பிட்டையும் உதிரச் செய்தார். வேலணையில் ஏறுகிறவரால் பாளையை ஊறச் செய்ய முடியாது. மழை பிந்தினால், பாளை ஏமாற்றினால், நட்டம் முழுவதும் அவர் தலையில். விளைச்சல் குறைந்தால் மரத்துக்காரருக்கு வருமானம் குறையும், ஏறுகிறவருக்கு அன்றைய சோறு குறையும்.

வந்தியையும் குறைசொல்ல முடியாது. அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். தீவுகளில் மூன்று பனையும் ஒரு தென்னையும் மட்டும் வைத்திருக்கும் வயோதிப விதவைகள் இன்றும் இருக்கிறார்கள். ஏறுகிறவரின் முழு ஆபத்துக்கும் அவர்கள் விலை கொடுக்க முடியாது. நியாயக் கூலிப் பேச்சு வழக்கமாக இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. ஆனால் கதை இங்கே நிற்கவில்லை. வேலை செய்யாமல் ஆடிப் பாடிய கூலியாளின் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன்மீதும் அரசிமீதும், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின்மீதும் விழுகிறது. கூலிக்காரர் ஒருவரின் உடம்பில் விழும் அடி ஊருக்குப் பொது என்று சொல்லும் சமயம் இது. நெடுந்தீவில் மரத்திலிருந்து ஒருவர் விழுந்து, சோளகக் கடலில் படகேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரி போய்ச் சேரும்வரை அந்த அடி யார்மீது விழுகிறது? அவர் மனைவி பிள்ளைகள்மீது மட்டும்தான்.

"கள்ளு இறக்குகிறவருக்கு என்ன நியாயக் கூலி, அது பாவத் தொழில்" என்று ஒரு குரல் எப்போதும் வரும். மதுவிற்பனையைத் தகாத தொழில்களில் ஒன்றாகப் பௌத்தமும் வைக்கிறது. இந்த வாதம் மரத்தடியிலேயே உடைந்துவிடுகிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் கள்ளு. ஏற்றம் ஒன்று, கத்தி ஒன்று, விழுந்தால் உடையும் எலும்பும் ஒன்று. தவறணையில் பிளா ஏந்துகிறவரின் கணக்கை ஏறுகிறவரின் கூலியில் கழிப்பது எந்தத் தருமத்திலும் சேராது.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. விகாரைக்கு வருகிறவர்கள் போற்றும் மகாவம்சத்தில் கூலி பற்றி ஒரு செய்தி உண்டு. துட்டகைமுனு தமிழருக்கு எல்லாளனை வென்றவனாகவே அறிமுகம். அவன் மகாதூபியைக் கட்டியபோது, கூலியில்லாமல் இங்கே ஒரு வேலையும் நடக்கக்கூடாது என்று ஆணையிட்டு, நான்கு வாசலிலும் காசும் துணியும் உணவும் வைக்கச் செய்தான் என்கிறது அந்நூல். புண்ணியத்துக்காகச் செய்யும் வேலைக்கே கூலி கட்டாயம் என்றால் வயிற்றுக்காகச் செய்யும் வேலைக்குக் கேட்க வேண்டுமா? ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கருக்குப் பாப்பரசர் 13ஆம் லியோவின் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடல் இருக்கிறது. தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது, வேறு வழியின்றி ஒப்புக்கொள்கிறவர் வன்முறைக்கு ஆளானவரே என்று அது வாதிட்டது. "பாத்துத் தாங்கோ" என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் இல்லை.

சட்டம் இவ்வளவு தூரம் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 10,000 ரூபாவாக வைத்தது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது. அந்தச் சட்டத்துக்கு ஒரு முதலாளி வேண்டும். இன்று ஒரு வளவில், நாளை இன்னொரு வளவில் ஏறுகிறவருக்கு முதலாளி யார்? 1970களில் தோன்றிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை விற்கும் சிரமத்தைக் குறைத்தன. அது பெரிய காரியம். ஆனால் சங்கத்தில் அளக்கப்படுவதும் போத்தல்தான்.

கேரளம் 1969இலேயே கள்ளுத் தொழிலாளருக்கென ஒரு நலநிதிச் சட்டம் இயற்றியது. தென்னை ஏறுகிறவர்களுக்கு இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் விபத்துக் காப்புறுதி நடத்துகிறது. கூலியையும் ஆபத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஆபத்தைப் பலர் தோளில் ஏற்றும் வழி இது. தீவுகளுக்கும் இதுவே பொருந்தும். ஏற்றத்துக்கு ஒரு விலை, உயரமான மரத்துக்குக் கூடுதல், பாளை கட்டும் நாட்களுக்கு நாட்கூலி. போத்தல் பங்கு இவற்றுக்கு மேலே. காப்புறுதிப் பணத்தைச் சங்கமும், வெளிநாட்டிலிருக்கும் மரத்துக்காரரும், ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து கட்டலாம். கோயில் திருப்பணிக்கும் கோபுரத்துக்கும் கடல் கடந்து காசு அனுப்பும் ஊர்கள் இவை. அந்தக் காசில் ஒரு சிறு பங்கு போதும்.

தை பிறந்து பாளை கட்டத் தொடங்குமுன் மரத்துக்காரரும் சங்கத்தாரும் ஏறுகிறவரும் ஒரே திண்ணையில், ஒரே உயரத்தில் இருந்து இதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் விலையை ஏறுகிறவரே சொல்லட்டும்.