ஆட்டக்களம் யாருக்குரியது?

செஞ்சிக் கோட்டை பல கை மாறியது. பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆண்டவர் பலர். ஆயினும், 1714-இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை, மணக்கோலத்தைக் கலைத்துப் போருக்கு விரைந்த தோழன் மகமத்கானோடு சேர்த்துப் பாடிய மக்கள் எவரிடமும் உரிமச் சீட்டுப் பெறவில்லை. வேண்டியவர் கூட்டிப் பாடினர்; வேண்டாதவர் குறைத்துப் பாடினர்.

நம் பிள்ளைகள் கணினியில் கூடி ஆடும் ஆட்டங்களின் நிலை வேறு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. (தேசிங்கு கதையும் ஆட்ட நிரலும் ஓரினம் என்பது வேடிக்கைதான்!) ஆனால் இந்த இலக்கியத்துக்கு உரிமையாளர் உண்டு. பலர் ஒருங்கே ஆடச் சர்வர் என்னும் பொதுக்கணினி தேவை. அதை ஆர்வலர்கள் தாமே நடத்தும்போது, உரிம விதியைக் காட்டி நிறுவனம் தடுப்பது முறையா?

எப்போதும் முறையன்று என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மைன்கிராஃப்ட் சர்வர்கள் சிலவற்றை நடத்தியோர், காசு கொடுத்த சிறுவனுக்கு வலிய வாளை விற்றனர். பிள்ளைகள் தொலைத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பெற்றோர் மொஜாங் நிறுவனத்துக்கே எழுதினர். 2014-இல் அந்நிறுவனம், நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஆனால் ஆட்டத்தில் ஒருவனை மற்றவனைவிட வலியவனாக்கும் பொருளை விற்கலாகாது என்று விதியைத் தெளிவுபடுத்தியது. அங்கே விதி எளியவன் பக்கம் நின்றது.

நாஸ்டால்ரியஸின் கதை அத்தகையதன்று. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் பழைய வடிவைப் பிளிசார்டு நிறுவனம் கைவிட்டிருந்தது. அதை மீண்டும் தருமாறு 2013-இல் ரசிகர் ஒருவர் கேட்க, நீங்கள் விரும்புவதாக எண்ணுகிறீர்கள், உண்மையில் விரும்பவில்லை என்ற பொருள்பட விடை வந்தது. 2015-இல் ஆர்வலர்கள் கட்டணமின்றி அதை நடத்தினர். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஆடினர். 2016 ஏப்ரலில் வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது, களம் மூடப்பட்டது.

சட்டம் நிறுவனத்தின் பக்கமே. சம்மதம் என அழுத்திய வாக்குக்கு நாம் கட்டுப்பட்டவர்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் தான் பயிரிடாத நிலத்தில் பிறர் விதைப்பதையும் தடுப்பவனுக்கு, அதைத் தானே உழும் கடமை சேர்கிறதல்லவா? இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டுக் கேட்டது அதைத்தான். 2019 ஆகஸ்டில் பிளிசார்டு அந்தப் பழைய ஆட்டத்தைத் தானே திறந்தது. ஆட வந்த கூட்டம் வாயிலில் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தது.